நாடியில் ஒரு கீறல்

கே.டி.சி. நகர் பாலம் இறங்கியதும் இடது பக்கம் என் கடை.
வண்டிக்குத் தோல்மேல் தோல் ஒட்டுகிற வேலை.
கண்ணுக்குத் தெரியாத தோல்.
தெரிந்துவிட்டால் காசு கிடையாது.

சொர்ணபாண்டி அண்ணாச்சி
அந்த மஞ்சள் வண்டியை முதலில் கொண்டுவந்த அன்று
தூத்துக்குடி பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது.
கண்டக்டர் விசில் கொடுக்க மறந்திருந்தார்.
ராதாபுரம் பக்கம் கிரஷர் அண்ணாச்சிக்கு.
மலையை மணலாக்கி விற்றவர்
இத்தாலிக்காரன் வாசலில்
பதினெட்டு மாதம் காத்துக்கிடந்து வாங்கியது.
கதவைத் திறந்து ஒரு சின்னத் தகடு காட்டினார்:
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில்
அறுபத்தேழு.
"ஒலகத்துலயே இவ்வளவுதாம்வே, கேட்டீரா.
பாக்கியெல்லாம் துபாய்லயும் சப்பான்லயும் கெடக்கு."
தகட்டையும் துடைத்துக் கொடுத்தேன்.
அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை.

மறு வருஷம் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம்
கம்பெனி அதே வண்டிக்கு வேறு பெயர் வைத்து
இன்னும் இரண்டாயிரம் செய்யப்போவதாகச் சொன்னது.
பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல்.
வள்ளியூர் ஸ்கேன் சென்டர் ஜெபசிங் டாக்டர்
ஒன்று எடுத்தார், அதே மஞ்சள்.
மேலப்பாளையத்துக்கு ஒன்று வந்தது.
செய்யது மசூது மகள் தானே ஓட்டிவந்து
சாவியை என் மேசையில் வைத்தாள்.
எல்லா வண்டியிலும் தகடு உண்டு.
எண்கள்தான் கொஞ்சம் நீளம்.

"நெறத்த மாத்தும்" என்று வந்து நின்றார் அண்ணாச்சி.
பாசி நிறம் ஒட்டினேன்.
வண்ணார்பேட்டை சிக்னலில் அதைப் பார்த்த டாக்டர்
மறுநாளே ஆள் அனுப்பினார்,
அந்தப் பாசி நிறம் எனக்கும்.

"இந்த வருசம் இது மாதிரி எத்தன செஞ்சீரு?
உண்மையச் சொல்லும்."
"உங்களுது மட்டுந்தான் அண்ணாச்சி."
பதினொன்று செய்திருந்தேன்.
அதில் நான்கு என் கை படாதவை.
பையன்கள் ஒட்டினார்கள், நான் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.
முதல் வண்டிக்கு ஒன்பது நாள்,
மூச்சுப் பட்டால் குமிழ் வருமென்று
வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டினேன்.
இப்போது இரண்டே நாள். கூலி இரட்டிப்பு.
என்னிடம் தகடு இல்லாததால்
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மூன்றும் ஒன்றாக லிப்டில் ஏறின.
வயிறு தெரிய மூன்று வண்டிகள்.
அண்ணாச்சி வண்டியின் நாடியில்
ராதாபுரம் விலக்கு வேகத்தடை கிழித்த கோடு,
வளைந்து, கடைசியில் கொஞ்சம் ஆழமாக.
டாக்டருடையதில் இரண்டு,
சர்ச் வாசலில் பின்னால் எடுத்தபோது விழுந்தவை.
மசூது மகள் களக்காட்டுப் பக்கம் போய்வந்திருக்க வேண்டும்.
சக்கர வளைவுக்குள் வாழைப்பால் கறை
கறுத்து இறுகியிருந்தது. அதைச் சுரண்டினால்
பெயின்ட்டும் கூடவே வரும்.

என் கண்ணைக் கட்டிவிட்டு
விரலை அங்கே வையுங்கள்,
எது யாருடையது என்று சொல்லிவிடுவேன்.
இதில் இரண்டாவது ஒன்று
எந்தக் கம்பெனியாலும் செய்ய ஏலாது.

அன்றைக்குத்தான் அண்ணாச்சி முதன்முதலாகக்
குனிந்து தன் வண்டியின் அடியைப் பார்த்தார்.
வெள்ளை வேட்டி தரையில் பட்டது, கவனிக்கவில்லை.
சொல்லிவிடலாமா என்று
எனக்கு வாய்வரை வந்தது.

"போயிருமா?"
"போயிரும் அண்ணாச்சி."
"தடந் தெரியப்பிடாது."
பதினெட்டாயிரம் சொன்னேன்.
மலை விற்ற மனுஷன், பேரம் பேசவில்லை.

மெஷின் சுற்றச் சுற்ற
கீறல் வெள்ளைச் சேறாகி வழிந்தது.
தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான் பையன்.
புத்தம் புதுசாக,
இரண்டாயிரத்தில் எதுவாகவும் இருக்கக்கூடிய ஒன்றாக
வண்டி இறங்கியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.
வீட்டுக்குப் போக அவருக்கு
அந்த ரோட்டை விட்டால் வேறு ரோடில்லை.
விலக்கில் அதே தடை.
போன வாரம்தான்
இன்னும் ஒரு விரல்கடை உயர்த்தியிருக்கிறார்கள்.