திங்கட்கிழமை

பத்மநாபபுரம் அரண்மனைக்குத்
திங்கட்கிழமை விடுமுறை என்பது
சரித்திரம் எடுக்கும் பிரிஸ்கில்லா டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.
அவருக்கு டெங்கு.
அறிவியல் எடுக்கும் நான்
நாற்பத்தொரு பிள்ளைகளோடும்
இரண்டு வாளி எலுமிச்சை சாதத்தோடும்
பூட்டிய கதவின் முன் நின்றேன்.

டிரைவர் சுயம்பு ஈர்க்குச்சியால் பல் குத்தியபடி
"வேளிமலை அடிவாரத்துல பழைய பள்ளிக்கூடம் ஒண்ணு உண்டு.
டிக்கெட்டு கிடையாது" என்றார்.
அந்த நேரத்தில் எனக்கு
அவ்வளவு சரித்திரம் போதும்.

விடியுமுன் குறும்பனையில் வேன் ஏறி
வழியில் மூன்று பேர் வாந்தி எடுத்து
பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோஷத்தில் வந்தவர்களை
இன்னொரு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன்.
"இது சதி, டீச்சர்" என்றான் ஆன்றோ ஜெனிஷ்.

ஒரே அறை.
காவலாளி ஏசுவடியான்
கையில் இருந்த தாளைப் பார்க்காமலே ஒப்பித்தார்:
அயனி மரத்து உத்தரம்,
கடுக்காய் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு,
ஐந்து வகுப்புக்கும் ஒரு வாத்தியார்,
முப்பது பிள்ளைகள்,
ஒரு கரும்பலகை, ஒரு ஜன்னல்.
என் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.
ஒருத்தி பெஞ்சுக்கு அடியில்
சூயிங்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

ரெஜிலா மட்டும் ஜன்னலை விட்டு வரவில்லை.
"இஞ்ச பாருங்க டீச்சர், கல்லு தேஞ்சிருக்கு."
பழைய கல், தேயும் என்றேன்.
"உள்பக்கம் தேயல்ல. வெளிப்பக்கம்."

அவள் அப்பாவுக்கு வள்ளம் உண்டு.
விளிம்பில் கயிறு உரசி உரசி
மரம் குழிந்து போகும் இடத்தைத்
தொட்டுத் தொட்டு வளர்ந்த விரல்கள்.
கருங்கல்லில் வெளியோரமாய்
பக்கத்தில் பக்கத்தில் ஏழு பள்ளங்கள்,
கிண்ணம் போல வழவழப்பாய்.

உராய்வு பற்றி நான் பாடம் எடுத்திருக்கிறேன்.
படம் வரைந்து, அம்புக்குறி போட்டு,
ஐந்து மதிப்பெண் வினா.
எத்தனை முழங்கை, எத்தனை வருடம்
ஒரு கருங்கல்லுக்கு என்று
யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

வெளியே ஓடினார்கள்.
ஆறாம் வகுப்புக்குக் குனிய வேண்டியிருந்தது.
பள்ளத்தில் முழங்கையை வைத்து
உள்ளே எட்டிப் பார்த்த ஜெனிஷ்
"போர்டு பாதிதான் தெரியுது" என்றான்.
உள்ளே ஒருத்தி சாக்பீஸ் எடுத்து
முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்றேழு போனால் என்று
போர்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதினாள்.
"மேல உள்ளது தெரியுதா?"
"முந்நூறு தெரியுது. மிச்சத்த கதவு மறைக்குது."

ஏன் அவங்க உள்ளே வரல்ல?
ஏசுவடியான் தாளைப் புரட்டினார்.
"எனக்குத் தந்த பேப்பர்ல அது இல்ல."
பிறகு குரலைத் தாழ்த்தி
"டீச்சருக்குத் தெரியாததா" என்றார்.

தெரியும்.
என் பெயருக்குப் பின்னால் இருந்ததை
அப்பா வெட்டிவிட்டுத்தான்
என்னைப் பள்ளியில் சேர்த்தார்.
அதை இந்த வெயிலில், எலுமிச்சை சாதத்துக்கு முன்
எந்த வாக்கியத்தில் தொடங்குவது?
தொடங்கினேன். "அந்தக் காலத்துல..." என்றேன்.
"எந்தக் காலத்துல?" என்றாள் ரெஜிலா.
வருடம் கேட்கிறாள் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

சொன்னேன், எனக்குத் தெரிந்த அளவு.
சாதம் காய்ந்துவிட்டது.
ஊறுகாய்க்குச் சண்டை நடந்தது.
அறிக்கைப் படிவத்தில் 'பார்வையிட்ட இடம்' என்ற கட்டத்தில்
அரண்மனை என்று காலையிலேயே எழுதியிருந்தேன்,
அடித்து எழுத இடம் போதவில்லை.

வில்லுக்குறி தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
ஜன்னல் ஷட்டர்களை இழுத்துவிட்டார்கள்,
ரெஜிலா இழுக்கவில்லை.
அந்தக் கூரையின் சாய்ப்பு
சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட இல்லை,
நானும் கவனித்திருந்தேன்.
"மழை பெஞ்சா அவங்க என்ன செய்வாங்க, டீச்சர்?"

நான் யோசிப்பதற்குள்
கியர் மாற்றிக்கொண்டே சுயம்பு சொன்னார்:
"நனைஞ்சிருப்பாவ. பின்னே?"