முப்பத்தொன்றாம் நகர்வு

லியபாயாவில், மீன்பதன ஆலைக்கு எதிரே
இரண்டாம் மாடியில், வியாழக்கிழமை ஆட்டம்.
நான் மூன்றாம் பலகையில்
பதினெட்டே நகர்வில் தோற்றிருந்தேன்.
கோட்டின் ஈரம்கூடக் காயவில்லை.
வீட்டுக்குப் போக மனமில்லாமல்
முதல் பலகையருகே போய் நின்றேன்.

வெள்ளை, எல்மார்ஸ். பல் மருத்துவர்.
ஈறு வலித்துவிடுமோ என்பதுபோல்தான்
சிப்பாயையும் தொடுவார்.
கறுப்பு, விஸ்மா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
அவள் காய்கள் மேலிருந்து இறங்கும்.

சிப்பாய்க்கு எதிர்ச் சிப்பாய். வெள்ளைக் குதிரை வந்தது.
தாக்கப்பட்ட சிப்பாயைக் காக்காமல்
ராஜாவின் பக்கத்துக் கதவையே திறந்து வைத்தாள்,
மந்திரிச் சிப்பாய், இரண்டு கட்டம்.
எங்கள் நாட்டின் பெயர் கொண்ட தொடக்கம்.
எங்கள் நாட்டில் ஒருவரும் நம்பாத தொடக்கம்.
எல்மார்ஸ் சட்டென நிமிர்ந்து உட்கார்ந்தார்:
ஞாயிறு முழுக்க இதைத்தான் படித்திருக்கிறார்.

குதிரை வெட்டியது. ராணி வெளியே வந்தாள்.
குதிரை பின்வாங்கியது. மடமடவென்று,
மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகள் போல.
ஆறாவதில் விஸ்மா
ராணிப் பக்கம் ஒரு சிப்பாயை
ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள்.
அவர் படித்த பக்கம் அங்கே முடிந்தது.
இருபத்தாறு நிமிடம் யோசித்தார்.
பதில் வந்ததும் அவளும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.
அவள் பக்கமும் அங்கேதான் முடிந்திருக்கிறது.
இருவரையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாயிற்று.

முப்பத்தொன்றில் நான் பார்த்தேன்.
வெள்ளைக் குதிரை ஒரு தாவு தாவினால்
ராஜாவும் ராணியும் ஒரே கவையில்.
வேடிக்கை பார்ப்பவன் வாய் திறக்கக் கூடாது.
விழுங்கிய வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தியது.
எல்மார்ஸ் கோட்டையை நகர்த்தினார்.
விஸ்மா பெருமூச்சுகூட விடவில்லை.
பாவம், இருவருமே குருடு என்று நினைத்தேன்.

பத்து பன்னிரண்டுக்குக் கடைசி டிராம்.
பத்து ஐந்துக்கு அவள் கை நீட்டினாள்: சமன்?
அவர் ஒரு கை சட்டைக்குள் நுழைந்திருக்கவே
மறு கையால் பிடித்துக்கொண்டார்.
டிராமில் எனக்கு முன் இருக்கையில் இருவரும்
பலகையின்றிக் கட்டங்களைச் சொல்லிச் சொல்லி
திரும்ப ஆடினார்கள்.
முப்பத்தொன்றை நிற்காமல் கடந்து போனார்கள்.
நான் சன்னலில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில், சமையல் மேசையில் காய்களை வைத்தேன்.
ஒரு சிப்பாய் குறைந்தது, உப்புக்குப்பியை வைத்தேன்.
குதிரையை எடுத்தேன். தாவ வைத்தேன்.
அந்தக் கட்டத்துக்கு நேர் சாய்வில், மூலையில்,
கறுப்பு மந்திரி நின்றுகொண்டிருந்தார்.
இரவு முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறார்.