சருவு ஊதுகிற மெஷின்

போன வருடம் ஒரு பீடித்துண்டு
வில்ஃபிரட் அண்ணனின் நாற்பத்திமூன்று ரப்பரைத் தின்று
ஓடை தாண்ட முடியாமல் நின்றது.
ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

இந்த வருடம் நான் காத்திருக்கவில்லை.
பனச்சமூடு சந்தைக்கு அப்பால்,
எல்லை தாண்டி நாலாவது கடை.
பழைய மெஷின், ஆறாயிரத்து எண்ணூறு.
கையேடு மலையாளத்தில்.
பேசுவேன், சண்டைகூடப் போடுவேன்;
எழுத்தாய் வந்தால் எல்லாம்
சுருண்டு கிடக்கிற கொடிக்கயிறு.
படத்தில் ஒருவன் கண்ணாடி மாட்டிச் சிரிக்கிறான்.
அவன் தோட்டத்தில் ஒரு இலையும் இல்லை.
பிறகு எதை ஊதுகிறான்?

தை இரண்டு.
மரங்கள் ராத்திரி முழுக்க உதிர்த்து
விடியும்போது முற்றம் கணுக்கால்வரை செம்பு நிறம்.
கிணற்றுக்குப் போய்வந்தால்
ஊரே அப்பளம் தின்கிற சத்தம்.
வருடத்தில் இந்த ஒரு மாதம்தான்
எங்கள் வீட்டுக்கு வானம் உண்டு.

பெட்ரோல் ஒரு லிட்டர், ஆயில் நாற்பது மில்லி.
அளப்பதற்கு இளையவனின் இருமல் மருந்து மூடி,
ஐந்தைந்தாய் எட்டுத் தடவை.
குமிழை ஏழுமுறை அழுத்து.
கயிற்றை இழு.
இழு.
"சோக்கைத் தாழ்த்து" என்றார் ராபின்சன்,
முதுகெலும்பு விலகி ஆறு மாதமாய்
ஜன்னலுக்கு உள்ளே படுத்துக்கொண்டு
வெளியே நடப்பதையெல்லாம் நடத்துகிறவர்.
"அவ்வளவு வேண்டாம். பாதி மதி. இதா பாதி?
கயிற்றை இழுக்கிறியா, பசுவை அவிழ்க்கிறியா?"
ஒன்பதாவது இழுப்பில்
என் தோளையும் சேர்த்துக்கொண்டு அது எழுந்தது.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.
ஜன்னலில் அவர் வாய் அசைந்தது, கை அசைந்தது.
பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை
யோசனை கேட்காமல்
இடதுபக்கம் திரும்பினேன்.

குழாய் முனையில் காற்று
அவிழ்த்துவிட்ட கன்று;
நான் காட்டுகிற பக்கம் வராது.
முன்னால் தள்ளினால் பாதிச் சருவு
தலைக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் விழுகிறது.
கொஞ்சம் கொஞ்சமாய் முனையைத் தாழ்த்தி
தரையைத் தடவுகிறமாதிரிப் பிடித்தபோது
வழிவிட்டது.
கீழே மண், ஈரம் மாறாமல்.
உடைந்த சிரட்டைகள்.
மூத்தவளின் ஒற்றைச் செருப்பு, பூப்போட்டது.
அப்புறம் பால்வெட்டுக் கத்தி,
பிடியில் பச்சைத் துணி சுற்றினது.

அதே கத்திதான்.
ஆவணியில் வெட்டுக்காரன் சசிதரனைப் பார்த்து
இதற்காக நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அன்றைக்கே கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனான்,
பாக்கி நாற்பது ரூபாயை
வேண்டாம் என்று படியில் வைத்துவிட்டு.

மெஷினை அதன்மேல் பிடித்தபடியே நின்றேன்.
சுற்றிலும் எல்லாம் பறந்தது.
கத்தி நகரவில்லை.

குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததென்று
நான் பார்க்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஞானசெல்வம் அக்காள்
காலையில் அடித்து ஈரத்தோடு தொங்கவிட்ட ஷீட்,
பதினொன்றிலும் சருவு, தூசி, ஒரு சிலந்தி.
முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.
வாய் திறந்து திறந்து மூடியது.
நிறுத்தினேன்.
"…சவம் பிடிச்சவளே!" மட்டும் மிச்சமாய் வந்து விழுந்தது.
அதற்குமேல் அவளுக்கும் இல்லை.
மெஷினைப் பார்த்தாள்.
"எவ்வளவு ஆச்சு?"
சொன்னேன்.
"கொண்டா, நானும் ஒண்ணு ஊதிப் பாக்கட்டு."

தன் வீட்டு வாசல்வரை ஊதிக்கொண்டே போய்
சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள், தலையெல்லாம் இலை.
ஷீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றாள்.
பேசுவாள், எனக்குத் தெரியும், கிலோவுக்கு எத்தனை ரூபாய் குறையுமென்று.

நான் சுத்தம் பண்ணின வழியில்
அதற்குள் பத்துப் பன்னிரண்டு இலை.
மேலே பார்த்தேன், இன்னும் இருக்கிறது.

"கையில் என்ன அது?" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து.
"ஏய், உன்னைத்தான். கையில் என்ன?"

குமிழை ஏழுமுறை அழுத்தினேன்.
கயிற்றை இழுத்தேன்.