செவ்வாய்க்கிழமைப் புலி

முழுப்பரீட்சை லீவு முடியப் போகிறது.
இன்றைய காலண்டர் தாளைக் கிழித்து
அதன் முதுகில் எழுதுகிறேன்.
முன்பக்கம் ராகுகாலம், மூன்று முதல் நாலரை.
நாங்கள் வேதக்காரர், ராகு எங்களை விட்டுவிடும்,
சூப்பர்வைசர்தான் விடமாட்டார்.

கொருக்குப்பேட்டையில் ஏழே கால் வண்டி,
பீச்சில் மாறி, அங்கிருந்து வண்டலூர் வரை
இடம் கிடைத்தால் உட்கார்ந்து.
போகையில் ஜன்னல் ஆல்வினுக்கு,
வருகையில் ரூத்துக்கு.
‘வரும்போது இருட்டிடும்.
இருட்டுக்கு எதுக்கு ஜன்னல்?’
சரி, சைதாப்பேட்டையில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று
அதையும் எழுதுகிறேன்.

லெமன் சாதம்.
உருளைக்கிழங்கு, கொஞ்சம் சிவக்க.
பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்களாம்.
மாடி வீட்டு ஷம்ஷாத் எவர்சில்வர் கூஜா தருகிறாள்,
தந்துவிட்டு,
‘ஒட்டகச்சிவிங்கிய போட்டோ எடுத்து அனுப்பு.
கழுத்து கட்டாகாம எடு’ என்கிறாள்.

டிக்கெட் கணக்கில் ரூத்துக்கு ஐந்து வயது போட்டேன்.
எட்டிப் பார்த்துவிட்டாள்.
‘ஆறரை, ஆறரை’ என்று
ஹவுசிங் போர்டு மூன்று பிளாக்குக்கும் கேட்கக் கத்துகிறாள்.
ஆறரை என்று திருத்தினேன்.
உருளைக்கிழங்கை அடித்தேன்.

ஏசுபாதத்துக்குப் போன் போட்டால்
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசையில் நிற்கிறார்,
காலையில் நின்ற அதே டீக்கடைக்கு எதிரே.
முன்னால் எண்பது வண்டி.
‘நானும் கூண்டுலதான் கீறேன்,
என்னையும் வந்து பாத்துட்டுப் போங்க’ என்று சிரிக்கிறார்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்,
எங்கே போகச் சொல்லி என்று தெரியவில்லை.

எல்லாம் எழுதி, கிழமை எழுதும் இடத்தில்
பேனா நின்றது.
எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில்
எனக்கு வார லீவு செவ்வாய்.
போனைத் தடவிப் பார்த்து ஆல்வின் சொல்கிறான்:
‘அம்மா, சிங்கத்துக்கும் உனக்கும் ஒரே நாள் லீவு.’
சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை.

கடையில் நாங்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தது.
ஸ்டூலும் வந்தது.
அதன்மேல் பூனம் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.
பத்தரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை
கேமரா பார்க்க நிற்கிறேன்,
விரிக்கிறேன், மடிக்கிறேன்,
‘வேற கலர் இல்லியா’ என்பவர்களுக்காக
அதையே இன்னொரு தரம் விரிக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை மத்தியானம்,
தண்ணி லாரி போனபிறகு,
ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில்
கால் இரண்டையும் சுவரில் தூக்கிப் போட்டு
மல்லாந்து கிடப்பேன்.

புலியும் அப்படித்தான் கிடக்குமாயிருக்கும்,
வெள்ளை வயிறு மேலே தெரிய,
அகழிக்கு இந்தப் பக்கம்
ஐஸ்கிரீம் கையோடு ஒரு பிள்ளையும் இல்லாமல்.
அந்த நாளை அதனிடமிருந்து பிடுங்க
எனக்கு மனசு வராது.
என்னுடையதைத்தான் மாற்ற வேண்டும்.

அமுலுவுக்கு லீவு வியாழன்.
வரும் வியாழன் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.
பிடிக்காவிட்டால்
அடுத்த வியாழனை எனக்குத் தருவாள்.
பிடித்துவிட்டால் அன்றைக்கும் வருவார்கள்,
தாம்பூலத் தட்டோடு.
அவளுக்கு நல்லது நடக்கக் கூடாதென்று
நான் நினைக்கவில்லை.
ஒரு வாரம் தள்ளி நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.
நினைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டேன்.

தாளில் கிழமை மட்டும் காலியாக இருந்தது.
சாப்பிட்டு வந்து பார்த்தால்
அங்கே ரூத் ஒரு வால் வரைந்திருக்கிறாள்,
நுனியில் கொஞ்சம் மயிரோடு.
வால் மட்டும்.
என்ன மிருகம் இது, என்றேன்.
பாதித் தூக்கத்தில் சொன்னாள்:
‘அது உள்ள போயிடிச்சு.’