அழுத்தக்காரி

அடிவாரத்தில் டயருக்குக் காற்றடித்த பையன்
முள்ளைப் பார்த்து
முப்பது போதும்க்கா என்றான்.

காலையில் பெரியாஸ்பத்திரி நர்ஸ்
கையில் பட்டையைச் சுற்றி
அதே மாதிரி ஒரு முள்ளைப் பார்த்தாள்.
நூற்றியெண்பது.
போதும் என்று சொல்லவில்லை.

பத்தாவது கொண்டை ஊசி வளைவு.
மடியில் சிப்ஸ் பாக்கெட்
பலூனாய்ப் புடைத்துவிட்டது.
வெளிக்காற்று குறைந்தால்
உள்ளே இருப்பது தன்னைக் காட்டும்.
எட்டாம் வகுப்புக்கு நான் நடத்துகிற
‘அழுத்தம்’ பாடம்தான்.

“டாக்டர் என்ன சொன்னார்?”
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தேவசகாயம்.
“காது அடைக்குது” என்றேன்.

வாயே திறக்க மாட்டாள், அழுத்தக்காரி
என்று கல்யாணமான புதிதில்
இவர் வீட்டில் சொன்னார்கள்.
பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஏற்காட்டில் இறங்கி
எச்சில் விழுங்கினேன்.
காது திறந்தது.

பாக்கெட்டை
இன்னும் பிரிக்கவில்லை.