எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

மார்ச் பத்தொன்பது. குளத்து நீர் எட்டு டிகிரி.
அமோனியா இல்லை.
நைட்ரைட், சோதனைக் குழாயைச் சன்னலில் பிடித்தால்
இலேசாக இளஞ்சிவப்பு.
இருக்கிறது என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும்.

நீர் சூடேறத் தொடங்கியதும்
முதலில் கண் விழிப்பது நோய்தான்.
மீனின் உடம்பு பன்னிரண்டு வரை தூங்கும்.
நடுவே நான்கு டிகிரி.
இங்கே லோக்கரனில் அதைக் கடக்க
சில வருஷம் ஒரு வாரம் ஆகும்,
சில வருஷம் ஐந்து.

வெள்ளை உடம்பில் ஒரே ஒரு சிவப்புச் சதுரம்.
அதனால் அவளுக்குத் தபால்தலை என்று பெயர்.
நேற்றிலிருந்து துடுப்பை மடக்கி அடியில் கிடக்கிறாள்.
திடீரென்று பாய்ந்து
ரப்பர் விரிப்பில் விலாவை உரசிக்கொள்கிறாள்,
அரிப்பெடுத்த மாடு மரத்தைத் தேடுவதுபோல.

சளியைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.
கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு
நீண்டு, குறுகி, நீண்டு,
எதையோ அளப்பதுபோல் ஒரு புழு.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
விலாவில் இரண்டு யூரோ நாணயம் அளவுக்குப் புண்.

ஏழு கிலோ மீன். ஒருவர் பிடிக்க வேண்டும்,
ஒருவர் துடைக்க வேண்டும்.
வானஸுக்குப் போன் செய்தேன்.
"எந்த மீன்?" என்றான்.
பிறகு, "எத்தனை மணிக்கு?"

வீடு எனக்கு. கேரவன் அவனுக்கு.
குளம் யாருக்கு என்று
நோட்டரி கேட்கவேயில்லை.

கேட்டைத் திறந்து வந்தவன்
நேரே கொட்டகைக்குப் போய்
அதே ஆணியிலிருந்து தன் பூட்ஸை எடுத்து மாட்டினான்.
நான் அதைத் தூக்கி எறியவில்லை.
எறிய மறந்துவிட்டதாகத்தான்
இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வாளியில் கிராம்பு எண்ணெய்.
பல்வலிக்காரன் வீட்டு வாசனை.
தபால்தலை ஒருமுறை தடுமாறினாள்,
பக்கவாட்டில் சரிந்தாள்.
ஈரத் துண்டோடு அள்ளினான்.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று
இவனைத்தான் சொல்லியிருப்பேன், கோர்ட்டில்கூட.
ஆனால் இவன் கையிலிருந்து
ஒரு மீனும் நழுவியதில்லை.

செத்த செதில் மூன்று. சாமணத்தால் பிடுங்கினேன்.
"ஆழமா?"
"எலும்பு தெரியலை."
அயோடின். அதன்மேல் தேனடைப் பிசின்.
"செவுள்?"
"அசையுது. மெதுவா."

நீரோட்டத்தைப் பார்த்து முகத்தை வைத்து
நிமிர்த்திப் பிடித்தோம்.
மூச்சில்லை.
நான்கு கைகளும் மணிக்கட்டு வரை மரத்துப்போயின.
யாருடைய விரல் எது என்று தெரியவில்லை.
பம்ப் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
அப்புறம் செவுள் மூடி ஒன்று திறந்தது,
சோம்பேறி ஒருவன் கதவைத் திறப்பதுபோல.
அவள் வாலால் எங்கள் இருவர் முகத்திலும்
சேற்றை அடித்துவிட்டுப் போனாள்.

பிறகு புழு மருந்து. சமையலறைத் தராசு.
அளவு தண்ணீரைப் பொறுத்தது.
தண்ணீர் எவ்வளவு என்பதோ
பதினோரு வருஷத்துச் சண்டை.
தோண்டியவன் அவன்: பதினாலாயிரம் லிட்டர் என்பான்.
மீட்டர் பார்த்து நிரப்பியவள் நான்:
பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.
ஒருமுறை இதற்காகவே
விருந்தாளிகள் முன்னால் தட்டு உடைந்தது.

தராசைப் பார்த்தபடி நின்றான்.
"கொடலீவ்," என்றான்,
"உன் கணக்கே இருக்கட்டும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளைப் பொடியை
வாளியில் கலக்கிக்கொண்டே இருந்தேன்,
கரைந்த பிறகும்.

காபி வேண்டாம் என்றான்.
பூட்ஸைக் கழுவினான். ஆணியில் மாட்டினான்.
இரவு ஒரு குறுஞ்செய்தி:
உப்பைக் கரைத்து ஊற்று.
ஒரேயடியாகக் கொட்டாதே.
எனக்குத் தெரியாததா. கரைத்துத்தான் ஊற்றினேன்.

புழுவின் முட்டையை மருந்து தொடாது.
பொரியும்வரை பொறுத்து
இன்னொரு முறை போட வேண்டும்.
அதற்கு ஆள் ஒருவர் போதும்.

மார்ச் இருபது. எட்டரை டிகிரி.
தபால்தலை நடுநீரில் நிற்கிறாள்.
ஒரு துடுப்பு விரிந்திருக்கிறது.
மற்றொன்றை
இங்கிருந்து பார்க்க முடியவில்லை.