நூறு ஆனால் மணி அடிக்கும்

வேலந்தாவளத்தில் என் ஜன்னலோரம் உட்கார்ந்தால்
கைபேசி கேரளத்துக்கு நல்வரவு சொல்லும்.
நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டால்
தமிழ்நாட்டுக்கு.
நான் எங்கும் போகவில்லை.
பதினோரு வருஷமாக இதே மைக்ராஸ்கோப்.

இன்றைக்குக் கடைசி ரத்தம்
உண்ணிக்குட்டன், வயது பத்தொன்பது,
தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவன்.
காய்ச்சல். பல் தேய்த்தால் ரத்தம்.
தோளில் கன்றிய நீலத்தைக் காட்டி
"பெட்டி தட்டியதாணு சேச்சி" என்றான்.
குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தச் சொன்னேன்.
பத்து நிமிஷம் கழித்தும்
பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது.

ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துப் பூசி
கணவாய்க் காற்றில் காயவைத்து
சாயம் ஊற்றி, கழுவி,
எண்ணெய் ஒரு துளி விட்டு
லென்சை இறக்கினேன்.

முதலில் சிவப்பணுக்கள்.
இவர்களை எனக்குப் பிடிக்கும்.
பிறந்தபோது உட்கரு இருந்தது.
சுமைக்கு இடம் போதாதென்று
அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு
நடுவில் குழிந்து
மூச்சைச் சுமந்து ஓடுகிறவர்கள்.
கிளீனர் சீட்டைக் கழற்றிப் போட்டு
இன்னும் நாலு பெட்டி ஏற்றுகிற மாதிரி.
இனித் தன்னைப்போல் ஒன்றைப் பெற முடியாது.
நூற்றிருபது நாள், அவ்வளவுதான்.

இன்று அவர்கள் குறைவு.
இடையிடையே வெறும் கண்ணாடி.
பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருந்தது,
புடைத்த அரிசியில் கல் தேடுவதுபோல.

பிறகு எண்ணும் பெட்டி.
ஐந்து பொத்தான், ஐந்து விரல்.
சந்துபொந்தில் நெளிந்து நுழைய வாகாக
மூன்று துண்டாய்க் கண்ணியிட்ட உட்கரு:
நியூட்ரோஃபில், ஆள்காட்டி விரல்.
உடம்பெல்லாம் உட்கருவாய் உருண்ட லிம்போசைட்.
அவரைக்கொட்டை வளைவில் மோனோசைட்.
ஆரஞ்சு மணி நிறைந்த ஈசினோஃபில்,
கோழிப்பண்ணைக்காரர்கள் வந்தால் இதற்குக் கொண்டாட்டம்.
பேசோஃபில் சுண்டுவிரலுக்கு.
அதற்கு மாதத்தில் இரண்டு நாள் வேலை.
நூறு ஆனால் மணி அடிக்கும்.

எல்லோருக்கும் எலும்புக்குள் ஒரே தாய்.
எதுவாகவும் ஆகலாம் என்றிருந்த ஒன்று
ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வந்து
மிச்சமிருந்த கதவின் பெயரை வைத்துக்கொண்டது.
நானும் அப்படித்தான்.
விலங்கியல் படித்தேன்,
ஆனைமலையில் இருவாச்சி பின்னால் அலைவதாக இருந்தது.
இப்போது
ஒரு வலது கண், ஐந்து விரல்.

விரல்கள் அந்தரத்தில் நின்றன.

பெரிய செல்.
ஓரத்தில் நூலளவு நீலம் விட்டு
உள்ளே முழுக்க உட்கரு,
இன்னும் முறுக்கேறாத பஞ்சுபோல் அதன் இழை.
அதற்குள் வெளிறிய இரண்டு மூன்று புள்ளி.
பக்கத்தில் அதே. நகர்த்தினால் அங்கும் அதே.
எந்தக் கதவையும் சாத்த மறுத்தவை.
கிருமியைத் துரத்தத் தெரியாது,
ரத்தத்தை உறைய வைக்கத் தெரியாது,
பெருகத் தெரியும்.
எலும்புக்குள் வளர வேண்டியவை
வளராமலே சாலைக்கு வந்துவிட்டன.
பால் மணம் மாறாத முகம்.
அதுதான் பயம்.

இதற்கு என் பெட்டியில் பொத்தான் இல்லை.

காகிதத்தில் கோடு போட்டேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
மண்டியில் பெட்டிக்குப் போடுகிறார்களே
அந்தக் கணக்கு.
கோடு அறுபத்தெட்டு.
பொத்தான் முப்பத்திரண்டு.
மணி அடிக்கவில்லை.

சித்தூர் டாக்டர் ஹசீனாவைக் கூப்பிட்டேன்.
சிக்னல் மாநிலம் மாறி இருமுறை அறுந்தது.
"இன்னொரு ஸ்லைடு பார்த்தாயா, தெய்வானை?"
பார்த்தேன்.
"இன்னொன்று?"
அதையும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"இன்று ராத்திரியே திருச்சூர்.
பயமுறுத்தாதே. நான் பேசுகிறேன்."

வெளி பெஞ்சில் புதுப் பஞ்சை அழுத்தியபடி
செக்போஸ்ட் வரிசையில் நின்ற லாரிக்காரரிடம்
ஐந்து நிமிஷம் என்று விரல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.
"மஞ்சக்காமாலையா சேச்சி?"

என் நாற்காலியை
அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.
கைபேசி எதற்கோ நல்வரவு சொன்னது.